ஆரமில்லாக் கிளிகள்: வளர்ப்புப் பறவையில் ஆண் பெண் அறியும் வழிகள்

கூண்டில் தனியாக வளரும் பெண் கிளியும் முட்டையிடும். அதற்கு ஆண் துணை வேண்டியதில்லை. பகல் வெளிச்சம் நீண்டு, தீனி தாராளமாகக் கிடைத்து, ஒதுங்க ஓர் இருட்டு மூலையும் இருந்தால் உடல் தானாகவே முட்டைக்குத் தயாராகிவிடும். கோழி வளர்த்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. காக்டெயில், பட்ஜி போன்ற கிளிகளை வளர்ப்பவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை. ஆண் என்று நம்பி, ஆண் பெயர் சூட்டி, வெறும் தினையை மட்டும் போட்டு வளர்த்த பறவை ஒருநாள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் வந்து உட்காரும். கால்களை அகட்டி நின்று முக்கும். மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கும். வீட்டிலிருப்பவர்கள் சளி பிடித்துவிட்டது என்று கதகதப்பாக வைத்துக் காத்திருப்பார்கள். உள்ளே, சுண்ணாம்புச்சத்து போதாத உடலில் முட்டை வெளியேற வழியின்றிச் சிக்கிக் கிடக்கும். உடனே மருத்துவரிடம் போகாத பறவை பெரும்பாலும் பிழைப்பதில்லை.

பெண் என்று முன்பே தெரிந்திருந்தால் இதைத் தடுத்திருக்கலாம். சுண்ணாம்புச்சத்துக்காகக் கூண்டில் ஒரு துண்டு கடல் நுரையை (கணவாய் ஓடு) செருகி வைப்பது, தினையோடு கீரையும் பழகவைப்பது, இரவில் விளக்கை நேரத்தோடு அணைப்பது, ஒளிந்துகொள்ளும் பெட்டியை எடுத்துவிடுவது, இவ்வளவுதான் செலவு. கிளி ஆணா பெண்ணா என்ற கேள்வியை ஜோடி சேர்ப்பவர்களின் தொழில் விஷயமாக மட்டும் பார்க்கிறோம். அது முதலில் பறவையின் உயிர் பற்றிய கேள்வி என்பதே என் கருத்து. அதற்கு விடை தேடும் வழிகள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மாறி வந்திருக்கின்றன. அவற்றில் எது, எந்தக் கிளிக்கு, எந்த வயதில் செல்லும் என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வெளியே ஒன்றும் இல்லை

நாய்க்குட்டியைப் புரட்டிப் பார்த்துச் சொல்வதுபோல் கிளிக்குச் சொல்ல முடியாது. ஆண் கிளிக்கு விதைகள் வயிற்றுக்குள், முதுகெலும்பை ஒட்டி, சிறுநீரகங்களின் முன்முனையில் இருக்கின்றன. பெண்ணுக்குச் சினைப்பையும் அதே இடத்தில்தான். அதுவும் இடப்பக்கத்தில் ஒன்றுதான் வளர்ந்திருக்கும். எச்சமும் முட்டையும் விந்தும் ஒரே துவாரத்தின் வழியே வருகின்றன. இணைசேரும்போது இரண்டும் அந்தத் துவாரங்களை ஒன்றோடொன்று அழுத்திக்கொள்கின்றன, அவ்வளவுதான். மடகாஸ்கரில் வாழும் வாசா கிளி மட்டும் விதிவிலக்கு. அதன் ஆணுக்கு இனப்பெருக்கக் காலத்தில் துவாரம் பெரிதாக வெளியே புடைத்து நிற்கும். ஜப்பானியர்கள் கோழிக்குஞ்சுகளில் கையாண்டு உலகமெங்கும் பரவிய துவாரச் சோதனை கிளிக்குஞ்சிடம் செல்லுபடியாகாததற்கு இந்த உடலமைப்புதான் காரணம்.

குரோமோசோம் கணக்கும் நமக்குப் பழகியதற்கு நேர்மாறு. மனிதரில் இரு வேறு பாலினக் குரோமோசோம்களைச் சுமப்பவர் ஆண். பறவையில் பெண். ஆண் பறவையிடம் இரண்டு இசட். பெண்ணிடம் ஓர் இசட், ஒரு டபிள்யூ. ஆகவே குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும் தாயின் முட்டையிலேயே முடிவாகிவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் நிறக் கணக்கும் டி.என்.ஏ. சோதனையும் எளிதில் விளங்கும்.

கண்ணால் பார்ப்பது

நம்மூர்ப் பச்சைக்கிளியில் ஆணுக்குக் கழுத்தைச் சுற்றிக் கறுப்பும் இளஞ்சிவப்புமாக ஆரம் உண்டு; பெண்ணுக்கு இல்லை. அகநானூற்றில் தலைவி முன்கையில் ஏந்திப் பேசும் கிளி கழுத்தில் செம்மாலை அணிந்தது. அந்தக் காலத்திலேயே வீடுகளில் கிளி இருந்தது என்பதோடு, அந்தக் கிளி வளர்ந்த ஆண் என்பதும் அதிலிருந்து தெரிகிறது. ஆனால் ஆரம் பிறவியிலேயே வருவதில்லை. ஒன்றரை வயதுக்கு மேல் தொடங்கி மூன்று வயதுக்குள்தான் முழுமையாகத் தெரியும். அதுவரை ஆண்குஞ்சும் பெண்குஞ்சும் ஒன்றுபோலவே இருக்கும். ஆரமில்லாத கிளியெல்லாம் பெண் என்று சொல்லிவிடும் பழக்கம் இங்கேதான் சறுக்குகிறது.

தோளில் சிவப்புத் திட்டு உள்ள பெரிய கிளிக்கும் இதே கணக்குதான். செந்தலைக் கிளியில் ஆணின் தலை செம்பருத்திச் சிவப்புக்கும் ஊதாவுக்கும் இடைப்பட்ட நிறம், பெண்ணின் தலை சாம்பல். மேற்குத் தொடர்ச்சி மலையில் காணும் நீலச்சிறகுக் கிளியில் ஆணின் மேல் அலகு சிவப்பு, பெண்ணுக்குக் கருமை. இவை அனைத்தும் காட்டில் பார்த்து அறிய வேண்டியவை. இந்தியக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் அடைத்து வைப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இனி நான் பேசப்போவது கூண்டிலேயே பல தலைமுறையாகப் பெருகிவரும் அயல்நாட்டுக் கிளிகளைப் பற்றி.

அவற்றில் முதலிடம் ஆஸ்திரேலியாவின் பட்ஜிக்கு. தமிழ்நாட்டுச் சந்தைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது இதைத்தான். உண்மையான லவ் பேர்டுக்கு ‘ஆப்பிரிக்கன்’ என்ற அடைமொழி சேர்க்க வேண்டும். பட்ஜியின் அலகுக்கு மேலே, மூக்குத்துளைகள் இரண்டும் திறக்கும் சதைப்பட்டையை வளர்ப்போர் மூக்கு என்றே சொல்வார்கள். வளர்ந்த ஆணுக்கு அது அடர்நீலம். பெண்ணுக்கு வெளிறிய வெண்மையோ பழுப்போ. முட்டைக்குத் தயாராகும்போது கரும்பழுப்பாகித் தடித்துச் சொரசொரப்பாகும். இவ்வளவும் பலருக்குத் தெரியும். தவறு நேர்வது இதன் ஓரங்களில்.

கூட்டுப்பெட்டியிலிருந்து வெளிவந்த புதிதில் பட்ஜிக் குஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெற்றியில் கறுப்புக் கோடுகள் மூக்குவரை இறங்கியிருக்கும். ஆண்குஞ்சின் மூக்கு முழுவதும் ஒரே சீரான இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ இருக்கும். பெண்குஞ்சின் மூக்கு கொஞ்சம் வெளிறி, இலேசான நீலம்கூட ஓடியிருக்கும். ஆனால் இரண்டு துளைகளையும் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம் தெரியும். அந்த நீலத்தைப் பார்த்து ஆண் என்று விற்றுவிடுகிறார்கள், வாங்கியும் விடுகிறார்கள். வளையத்தைப் பார்க்க வேண்டும், நீலத்தை அல்ல. அதுவும் லுடினோ (முழு மஞ்சள்), அல்பினோ (முழு வெள்ளை), சிலவகைப் பைட் (திட்டுத்திட்டான) நிறங்களில் ஆணுக்கு ஆயுள் முழுக்க மூக்கு நீலமாவதே இல்லை, இளஞ்சிவப்பாகவே நின்றுவிடும். மஞ்சள் பட்ஜியின் மூக்கு நீலமாக இல்லை என்பதால் அதைப் பெண் என்று தீர்மானிக்கக் கூடாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பல ஆண்டு நீல மூக்கோடு இருந்த ஆண் பட்ஜிக்கு அது மெல்லப் பழுப்பானால், ‘பெண்ணாக இருந்திருக்கிறது, இப்போதுதான் தெரிகிறது’ என்று விட்டுவிடக் கூடாது. விதையில் உண்டாகும் ஒருவகைக் கட்டி பெண்மைச் சுரப்பைப் பெருக்கி மூக்கின் நிறத்தை மாற்றுகிறது. கட்டி வளர்ந்து நரம்பை அழுத்தும்போது ஒரு கால் தொய்ந்துபோகும். மூக்கு மாறிய அன்றே மருத்துவரிடம் காட்டினால் பறவைக்குக் கொஞ்சம் நிம்மதியான நாட்களாவது கிடைக்கும்.

காக்டெயிலில் இயல்பான சாம்பல் நிறப் பறவை என்றால் சிக்கல் குறைவு. ஆறு மாத வாக்கில் முதல் இறகுதிர்வு தொடங்கி முடிந்ததும் ஆணின் முகம் பளிச்சென்ற மஞ்சளாகும், கன்னத்து ஆரஞ்சுப் பொட்டு எடுப்பாகத் தெரியும். பெண்ணின் முகம் மங்கலாகவே இருக்கும். வாலின் அடியில் குறுக்குக் கோடுகளும், பறக்கும் இறகுகளின் உட்புறத்தில் மஞ்சள் புள்ளிகளும் மறையாமல் நிற்கும். லுடினோவில் அந்தக் கோடுகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மஞ்சளில் மஞ்சளாக மங்கலாகக் காணலாம். முத்துப்புள்ளி போட்ட பேர்ல் வகையில் ஆண் முதல் இறகுதிர்வுக்குப் பின் அந்தப் புள்ளிகளைப் பெரும்பாலும் இழந்துவிடும். பைட் வகையில் இந்த அடையாளங்கள் எல்லாம் குழம்பிவிடும். அங்கே கண்ணை நம்ப வேண்டாம்.

நிறம் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு எக்லக்டஸ் கிளியின் கதையைவிடப் பெரிய சான்று இல்லை. நியூகினியிலும் சுற்றியுள்ள தீவுகளிலும் வாழும் கிளி. ஆண் முழுப்பச்சை, பெண் செக்கச்சிவப்பு, வயிற்றில் நீலமோ ஊதாவோ. ஐரோப்பிய இயற்கையாளர்கள் நெடுங்காலம் இவற்றை இரண்டு வேறு இனங்களாகவே எழுதிவைத்தார்கள். இந்தக் கிளிக்கு 1776இலேயே அறிவியல் பெயர் கிடைத்துவிட்டது. பச்சையெல்லாம் ஆண், சிவப்பெல்லாம் பெண் என்பதை 1870களில் நியூகினியில் பறவை சேகரித்த ஜெர்மானியர் ஏ.பி. மேயர்தான் எடுத்துச் சொன்னார். பெண் ஏன் இப்படிப் பளபளக்கிறது என்பதற்கு விடை இன்னும் தாமதமாக, 2005இல் வந்தது. ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் தீபகற்பத்தில் ராபர்ட் ஹைன்சோனும் அவர் குழுவினரும் பல ஆண்டுகள் மரமேறிப் பார்த்தார்கள். நல்ல மரப்பொந்து அரிது என்பதால் பெண் மாதக்கணக்கில் அதைவிட்டு நகர்வதில்லை. தூரத்திலிருந்தே ‘இங்கே ஆள் இருக்கிறது’ என்று அதன் சிவப்பு அறிவிக்கிறது. இரை தேடி ஊர் சுற்றும் ஆண் வல்லூறுகளின் கண்ணில் படாமலிருக்கப் பச்சை உதவுகிறது. வளர்ப்பவருக்கு இதில் கிடைக்கும் வசதி, எக்லக்டஸுக்கு எந்தச் சோதனையும் வேண்டாம் என்பது.

வெள்ளைக் காக்கட்டூக்களில் கண்மணியைச் சுற்றிய நிறத்தைப் பார்ப்பது பழைய முறை. பல இனங்களில் வளர்ந்த ஆணுக்கு அது கறுப்பை நெருங்கிய பழுப்பு, பெண்ணுக்குச் செம்பழுப்பு. இளம் பறவையில் இரண்டுமே கருமையாகத் தோன்றும் என்பதால் வயது தெரியாத காக்கட்டூவிடம் இதைச் சோதிப்பது வீண்.

மற்றவற்றில் கண் தோற்றுவிடுகிறது. பீச் முக லவ் பேர்ட், ஃபிஷர், முகமூடி லவ் பேர்ட், சன் கனூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, பெரும்பாலான அமேசான்கள், மக்காவ்கள், இவற்றில் ஆணும் பெண்ணும் நம் கண்ணுக்கு ஒன்றே. கிளிகளின் கண்ணுக்கு அப்படியில்லை. அவை புற ஊதா ஒளியையும் பார்க்கின்றன. நீலநெற்றி அமேசான் கிளியின் இறகுகளைக் கருவி கொண்டு அளந்த 2006ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, நமக்குத் தெரியாத நிற வேறுபாடு இரு பாலுக்கும் இடையே இருப்பதைக் காட்டியது. வீட்டில் செய்து பார்க்கும் சோதனையாக அது இன்னும் மாறவில்லை.

நிறக் கணக்கும் கைக் கணக்கும்

குஞ்சு பொரித்த சில நாட்களிலேயே, இறகு முளைக்கும் முன்பே, செலவில்லாமல் உறுதியாகச் சொல்லிவிடும் ஒரு வழி உண்டு. அதற்குப் பெற்றோரின் நிறம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். லுடினோ நிறத்துக்கான மரபணு பட்ஜி, காக்டெயில், பீச் முக லவ் பேர்ட் ஆகியவற்றில் இசட் குரோமோசோமில் இருக்கிறது. லுடினோ ஆணையும் அந்த மரபணு இல்லாத இயல்பு நிறப் பெண்ணையும் சேர்த்தால், மகள் தன் ஒரே இசட்டைத் தந்தையிடமிருந்து பெறுகிறாள். மறைக்க இன்னொன்று இல்லை. ஆகவே மகள்கள் எல்லோரும் லுடினோ. மகனுக்குத் தாயின் இயல்பான இசட்டும் கிடைப்பதால் மகன்கள் எல்லோரும் இயல்பு நிறம். லுடினோ மரபணுவை மறைவாகச் சுமப்பதால் வளர்ப்போர் மொழியில் அவை ‘ஸ்ப்ளிட்’. கண் திறக்காத குஞ்சின் இமைத்தோலுக்கு அடியில் கண் சிவப்பாகத் தெரிந்தால் அது பெண். கறுப்பாகத் தெரிந்தால் ஆண். ஜோடியைத் திருப்பிப்போட்டு, இயல்பு ஆணுக்கு லுடினோ பெண்ணைச் சேர்த்தால் குஞ்சுகள் எல்லாம் ஒரே நிறமாகவே வரும். அங்கே இந்த வழி பயன்படாது. சின்னமன், ஒபலைன் போன்ற நிறங்களிலும் இதே கணக்கு ஓடுகிறது. நல்ல பதிவேடு வைத்திருக்கும் வளர்ப்பாளருக்கு இதைவிட மலிவான, பறவைக்கு நோகாத முறை வேறில்லை. பதிவேடு பொய்யானால் முடிவும் பொய்.

இடுப்பெலும்பைத் தொட்டுப் பார்ப்பது லவ் பேர்ட் வளர்ப்பில் நெடுநாள் வழக்கம். துவாரத்துக்குச் சற்று மேலே இரண்டு சிறு எலும்பு முனைகள் விரலில் தட்டும். இடைவெளி குறுகி விறைப்பாக இருந்தால் ஆண், அகன்று இளகியிருந்தால் பெண் என்பார்கள். முட்டையிடும் பருவத்திலிருக்கும் வளர்ந்த பெண்ணில் இது ஓரளவு பொருந்தும். இளம் பெண்ணுக்கும் பருவம் கடந்து ஓய்ந்திருக்கும் பெண்ணுக்கும் எலும்பு ஆணைப்போலவே குறுகியிருக்கும். இந்த முறைமீது எனக்கு நம்பிக்கை இல்லை. பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது; மார்பெலும்பு முன்னே எழுந்து தாழ்ந்தால்தான் மூச்சு. எலும்பைத் தேடும் ஆர்வத்தில் மார்பை இறுக்கிப் பிடித்தால் சிறு பறவை கையிலேயே செத்துவிடும்.

தலை தட்டையா உருண்டையா என்று பார்ப்பது, ஊசியை நூலில் கட்டித் தலைக்கு மேல் ஆடவிடுவது போன்றவற்றுக்கு எந்த அடிப்படையும் இல்லை. நடத்தையைப் பார்ப்பது அப்படியல்ல. அதில் உண்மை இருக்கிறது, உறுதிதான் இல்லை. காக்டெயில் ஆண் சீட்டி அடிக்கும், பாட்டின் மெட்டைப் பிடிக்கும், சிறகுகளை முதுகிலிருந்து இலேசாகத் தூக்கிக்கொண்டு நடைபோடும், அலகால் பலகையைத் தட்டும். பீச் முக லவ் பேர்டின் பெண் தாளையோ ஓலையையோ நீளநீளமாக அலகால் நறுக்கி, வால் பக்கத்து இறகுகளுக்குள் செருகிக்கொண்டு கூட்டுக்குப் பறக்கும்; ஆண் செருக முயன்றாலும் கீழே தவறவிட்டுவிடும். பார்க்கத் தெவிட்டாத காட்சி அது. ஆனால் துணை கிடைக்காத இரண்டு பெண்கள் தங்களுக்குள் ஜோடி சேரும். ஒன்றுக்கொன்று இரை ஊட்டும். ஒன்றின்மீது ஒன்று ஏறும். நான்கு முதல் ஆறு முட்டை இருக்க வேண்டிய லவ் பேர்ட் பெட்டியில் எட்டும் பத்தும் சேர்ந்து ஒன்றும் பொரிக்காவிட்டால், உள்ளே இருப்பவை இரண்டும் பெண்கள் என்று சந்தேகிக்கலாம். நாளெல்லாம் கொஞ்சிக்கொண்டு முட்டையே இடாத ஜோடி இரண்டு ஆண்களாகவும் இருக்கலாம்.

வயிற்றுக்குள் பார்த்த காலம்

1970களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் காட்டிலிருந்து பிடித்த கிளிகள் ஏராளமாக இறக்குமதியாயின. மக்காவையும் அமேசானையும் கூண்டில் பெருக்க நினைத்தவர்களுக்கு, விலை கொடுத்து வாங்கிய இரண்டும் ஒரே பாலாக இருந்துவிடும் அபாயம் பெரிய தலைவலி. அந்தத் தேவையில் வளர்ந்ததுதான் அகநோக்கிச் சோதனை. பறவையைப் பட்டினி போட்டு, ஐசோஃப்ளூரேன் போன்ற மயக்கவாயு கொடுத்து, வலப்பக்கம் கீழாகக் கிடத்துவார்கள். இடது காலை விலக்கி, கடைசி விலாவுக்குப் பின்னால் சில மில்லிமீட்டர் மட்டும் கீறி, 2.7 மில்லிமீட்டர் தடிமனுள்ள அகநோக்கியைக் காற்றுப்பைக்குள் நுழைப்பார்கள். காற்றுப்பை வெறுமையானதால் உள்ளுறுப்புகள் துலக்கமாகத் தெரியும். இடப்பக்கத்தில் கீறுவதற்குக் காரணம், சினைப்பை அங்கேதான் இருக்கும் என்பது. சிறுநீரகத்தின் முன்முனையில் வழவழப்பான நீள்வட்ட உறுப்பு தெரிந்தால் ஆண். சிறிதும் பெரிதுமாகச் சினைகள் திரண்ட திராட்சைக் கொத்து தெரிந்தால் பெண். முடிந்ததும் சிறகின் முன்மடிப்புத் தோலில் பச்சை குத்தி விடுவார்கள்: ஆணுக்கு வலச்சிறகில், பெண்ணுக்கு இடச்சிறகில். வெளிநாட்டிலிருந்து வந்த வயதான மக்காவின் சிறகைத் தூக்கினால் இன்றும் அந்தப் புள்ளியைக் காணலாம்.

தேர்ந்த மருத்துவர் கையில் இது நம்பகமான முறை. சிறு வயதுப் பெண்ணின் சினைப்பை மட்டும் தட்டையாக, சினை தெரியாமல் இருப்பதால் தடுமாற்றம் வரலாம். சில காக்கட்டூக்களில் உறுப்பே கருமையாக இருக்கும். மயக்க மருந்தின் ஆபத்து எப்போதும் உண்டு. ஆயினும் இந்த முறையைப் பழையது என்று தள்ளிவிட மனம் வரவில்லை. விதை சுருங்கியிருக்கிறதா, சினைப்பை நோயுற்றிருக்கிறதா, காற்றுப்பையில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்பதெல்லாம் வேறு எந்தச் சோதனையிலும் கண்ணுக்குத் தெரியாது. ஆண் பெண் சரியாக இருந்தும் ஆண்டுக்கணக்கில் குஞ்சு பொரிக்காத ஜோடிக்கு இன்றும் இதுவே சரியான வழி.

பறவையைத் தொடாமலே அறியவும் முயன்றார்கள். 1970களின் பிற்பகுதியில் சான் டியாகோ உயிரியல் பூங்கா ஆய்வாளர்கள் எச்சத்திலுள்ள ஆண்மை, பெண்மைச் சுரப்புகளின் விகிதத்தை அளந்து பாலினம் சொன்னார்கள். பருவத்துக்கும் வயதுக்கும் ஏற்ப அளவு மாறுவதால் குஞ்சுகளுக்கு இது எடுபடவில்லை. முளைத்துவரும் இறகின் உயிரணுக்களை வளர்த்துக் குரோமோசோமை நேரடியாகப் பார்க்கும் முறையும் சில காலம் இருந்தது. அதற்கு உயிரணுக்கள் உயிரோடு ஆய்வகம் போய்ச் சேர வேண்டும் என்பதால் அதுவும் பரவலாகவில்லை.

உதிர்ந்த இறகு சொன்ன சேதி

1990இல் பிரேசிலின் பாயியா மாநிலத்தில், குராசா என்ற சிற்றூரை ஒட்டிய வறண்ட காட்டில், ஸ்பிக்ஸ் மக்காவ் என்னும் நீலக்கிளி ஒன்றே ஒன்று எஞ்சியிருப்பது தெரியவந்தது. பிடித்து விற்பவர்கள் மற்றவற்றையெல்லாம் கொண்டுபோய்விட்டார்கள். தன் இனத் துணை இல்லாத அந்தப் பறவை, வேறோர் இனமான நீலச்சிறகு மக்காவோடு ஜோடியாகத் திரிந்தது. அதற்குத் தன் இனத்தில் துணை ஒன்றைக் கூண்டிலிருந்து கொண்டுவந்து விட வேண்டும். ஆணை விடுவதா, பெண்ணை விடுவதா? உலகத்தில் மிஞ்சிய ஒரே காட்டுப் பறவையை வலைவீசிப் பிடித்து மயக்கம் கொடுக்க யாருக்குத் துணிவு வரும்? கீழே உதிர்ந்த இறகுகளைப் பொறுக்கி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அங்கே ரிச்சர்ட் கிரிஃபித்ஸும் பேலா திவாரியும் அவற்றிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து அது ஆண் என்று கண்டார்கள். அந்த ஆய்வு 1995இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. அதே ஆண்டு ஒரு பெண் விடுவிக்கப்பட்டது. சில வாரங்களில் அது காணாமற்போயிற்று. மின்கம்பியில் மோதி இறந்தது என்பது பின்னரே தெரிந்தது. அந்தத் தனி ஆண் 2000 அக்டோபருக்குப் பின் யார் கண்ணிலும் படவில்லை. கூண்டில் காப்பாற்றிப் பெருக்கிய பறவைகளில் எட்டு 2022 ஜூனில் அதே குராசாவில் மீண்டும் திறந்துவிடப்பட்டன. கூண்டில் எஞ்சிய சில பறவைகளைக் கொண்டு ஓர் இனத்தைப் பெருக்கும்போது ஒவ்வொரு பறவையின் பாலினமும் சந்தேகமின்றித் தெரிந்திருக்க வேண்டும்.

இன்று ஆய்வகங்கள் செய்யும் சோதனை அந்த வழியில் வந்ததுதான். சி.எச்.டி. என்ற மரபணு இசட்டிலும் இருக்கிறது, டபிள்யூவிலும் இருக்கிறது. ஆனால் அதன் நடுவேயுள்ள ஒரு துண்டின் நீளம் இரண்டிலும் வேறு. பி.சி.ஆர். முறையில் அந்தத் துண்டைப் பெருக்கி, ஜெல்லில் மின்சாரம் செலுத்தி ஓடவிட்டால் ஆணுக்கு ஒரு பட்டையும் பெண்ணுக்கு இரண்டு பட்டைகளும் தெரியும். கிரிஃபித்ஸும் உடன் பணியாற்றியோரும் 1998இல் வெளியிட்ட இந்தச் சோதனை பெரும்பாலான பறவையினங்களுக்குப் பொருந்துகிறது. வயது தடையில்லை. பொரித்த ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக் காய்ந்திருக்கும் இரத்தக்குழாயே போதும். குஞ்சைத் தொடவே வேண்டாம்.

சோதனையில் தவறு நேர்ந்தால், பெரும்பாலும் அது ஆய்வகத்துக்கு வெளியே, இறகு பறிக்கும் இடத்தில் தொடங்குகிறது. பறவையை மெல்லிய துணியில் சுற்றிப் பிடித்து, மார்பிலிருந்து நான்கைந்து சிற்றிறகுகளை முளைத்த திசையிலேயே சட்டென்று பறிக்க வேண்டும். காம்பின் அடிமுனையில் வெண்மையாகத் திசு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த இறகால் பயனில்லை. அந்த முனையை விரலால் தொடக் கூடாது. சிறகிலும் வாலிலும் இரத்தம் ஓடும் முளையிறகைப் பிடுங்கினால் நிற்காமல் வழியும். அங்கே கை வைக்க வேண்டாம். கூண்டின் தரையில் கிடக்கும் இறகை அனுப்புவதும் தவறு. ஸ்பிக்ஸ் மக்காவுக்கு உதிர்ந்த இறகு பயன்பட்டது உண்மை. அது ஒற்றைப் பறவை, வேறு வழியும் இல்லை. பத்துப் பறவை இருக்கும் கூண்டில் உதிர்ந்தது எதனுடையது என்று யார் சொல்வது? உதிர்ந்ததில் டி.என்.ஏ. குறைவு, நாள்பட்டால் சிதைந்தும் விடும். நகநுனியில் எடுக்கும் ஒரு பொட்டு இரத்தம் இறகைவிட உறுதியானது. பறவையின் சிவப்பணுவுக்குள் உட்கரு இருப்பதால் அந்தச் சொட்டிலேயே டி.என்.ஏ. நிறைய கிடைக்கும். ஆனால் நகத்தை வெட்டி இரத்தம் எடுப்பது மருத்துவர் செய்ய வேண்டிய வேலை.

அடுத்த ஓட்டை உறையில் எழுதும் எண். குஞ்சுப் பருவத்தில் காலில் மாட்டிய மூடிய வளையத்தின் எண்ணை அந்தந்த உறைமீது அங்கேயே எழுதாமல், எல்லா இறகையும் பறித்து முடித்துப் பிறகு நினைவிலிருந்து எழுதினால், சோதனை எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை. ஒன்றின் இறகுத்தூசி இன்னொன்றின் உறையில் விழுந்தால் ஆணுக்கும் இரண்டு பட்டை வரும். விற்பவர் நீட்டும் டி.என்.ஏ. அட்டையை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதிலிருக்கும் ஆண் பெண் குறியை அல்ல. வளைய எண் இருக்கிறதா, அது பறவையின் காலில் இருக்கும் எண்ணோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். எண்ணில்லாத அட்டை எந்தப் பறவைக்கும் செல்லும்.

நியூசிலாந்தின் காகாப்போவுக்கு இந்த அறிவு எப்படிக் கைகொடுத்தது என்பதும் சொல்லத்தக்கது. பறக்க முடியாத அந்தப் பெருங்கிளி 1990களில் ஐம்பது அளவுக்கு வந்துவிட்டது. கூடுதல் தீனி போட்டுக் காப்பாற்றினார்கள். தீனி தின்று கொழுத்த தாய்களுக்கு ஆண்குஞ்சுகளே மிகுதியாகப் பிறப்பது 2002இல் வெளிவந்த ஆய்வில் தெரிந்தது. பெண்கள் பெருகாமல் இனம் பெருகாது. உடனே தாயின் எடையைக் கணக்கிட்டுத் தீனியை அளந்து போடத் தொடங்கினார்கள். 2022இல் காகாப்போக்கள் 250ஐத் தாண்டின.

எதற்கு எது

நம் வீடுகளுக்குத் திரும்பினால், வளர்ந்த இயல்புநிறப் பட்ஜிக்கும் முதல் இறகுதிர்வு முடிந்த சாம்பல் காக்டெயிலுக்கும் காசு செலவழிக்க வேண்டாம், கண் போதும். லவ் பேர்ட், கனூர், சாம்பல் கிளி, அமேசான், மக்காவ் என்றால் டி.என்.ஏ. சோதனையைத் தவிர வேறு எதன்மீதும் முடிவெடுக்கக் கூடாது. வாங்கும்போது சட்டத்தையும் பார்க்க வேண்டும். பட்ஜி, காக்டெயில், பீச் முக லவ் பேர்ட் ஆகியவை, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலுக்கு வெளியே நிற்பவை. மற்ற அயல்நாட்டுக் கிளிகள் ஏறக்குறைய அனைத்தும் அதற்குள் வருகின்றன. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 2017 முதல் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. 2024இல் வந்த இந்திய அரசின் விதிகளின்படி, சைட்டிஸ் பட்டியலிலுள்ள கிளிகளை வைத்திருப்பவர் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவும் வளைய எண்ணும் டி.என்.ஏ. அட்டையும் ஒன்றோடொன்று ஒத்திருப்பது பிற்காலத்தில் பறவையைக் கைமாற்றும்போதும் உதவும்.

அட்டை ஒன்று சொல்லிப் பறவை வேறு சொன்னால் பறவையை நம்புங்கள். ஆண் என்று சான்று வாங்கிய கனூர் கூண்டின் மூலையில் தாளைக் கிழித்துக் குவித்துக்கொண்டு, எச்சத்தைப் பெரிதாகப் போட்டு, அடிவயிறு புடைத்து உட்கார்ந்தால், மறுசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றே பெண் என்று வைத்துக்கொண்டு சுண்ணாம்புச்சத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள், பறவை மருத்துவரின் எண்ணைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தில் செய்யும் மறுசோதனையை அதற்குப் பிறகு அனுப்பலாம்.